காட்மியம் பிளேட்டில் ஈஸ்ட்: ஒரே அளவு உப்பு, ஒவ்வொரு முறையும் வேறு முடிவு. எங்கே பிசகுகிறது?

சிற்றணு (கேள்வி)

வணக்கம். சாக்கரோமைசிஸ் செரிவிசியே ஈஸ்ட் காட்மியத்தை எவ்வளவு தாங்குகிறது என்று ஸ்பாட் அஸேயில் (நீர்த்த கல்ச்சரைத் துளித்துளியாகப் பிளேட்டில் வைத்து வளர்ச்சியை ஒப்பிடும் சோதனை) பார்த்து வருகிறேன். பின்னணி பிவை4741 என்ற ஆய்வக ஸ்ட்ரெய்ன். வைல்ட் டைப் (எதையும் கூடுதலாக நீக்காதது), வைசிஎஃப்1 (காட்மியத்தை அகற்றும் பம்பின் மரபணு) நீக்கியது, யாப்1 (அழுத்த எதிர்வினை மரபணுக்களை இயக்குவது) நீக்கியது என மூன்று ஸ்ட்ரெய்ன்கள்.

செய்முறை இதுதான்: 100 மில்லிமோலார் காட்மியம் குளோரைடு ஸ்டாக்கை வைபிடி (ஈஸ்ட் சாறு, பெப்டோன், சர்க்கரை) மீடியாவில் 50 மைக்ரோமோலார் வருமாறு சேர்த்து, அகாருடன் சேர்த்தே ஆட்டோகிளேவ் செய்கிறேன். இரவு முழுக்க வளர்ந்த கல்ச்சரை ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் ஒளி அளவு) 1 ஆக்கி, பத்து மடங்காக நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் வைத்து, 30 டிகிரியில் இரண்டு நாள்.

சிக்கல்கள்:

ஒரு பேட்ச் மீடியாவில் வைசிஎஃப்1 நீக்கியது வைல்ட் டைப்பைவிட இரண்டு நீர்ப்பு குறைவாக வளர்கிறது. அடுத்த பேட்சில் வித்தியாசமே இல்லை. அதே 50 மைக்ரோமோலாரை எஸ்சி மீடியாவில் (தெரிந்த பொருட்களை மட்டும் கலந்த செயற்கை மீடியா) போட்டால் வைல்ட் டைப்பே சரியாக வளரவில்லை.

பிளேட்டில் 1 மில்லிமோலார் குளூட்டாதயோன் (கந்தகம் கொண்ட சிறு பெப்டைடு) சேர்த்தால் மூன்றும் நன்றாக வளர்கின்றன. இதை ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்குச் சான்றாக எழுதலாமா?

உலோகம் என்றால் மெட்டலோதயோனின் (உலோகத்தைப் பிடிக்கும் புரதம்) என்று படித்ததால், அதைச் செய்யும் கப்1 மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று க்யூபிசிஆரில் பார்த்தேன். காட்மியம் கொடுத்தும் ஏறவே இல்லை. பிரைமர் சரிதான், தாமிரம் கொடுத்தால் நன்றாக ஏறுகிறது.

கடைசியாக, தாமிர சல்ஃபேட் பிளேட்டில் காலனிகள் பழுப்பாகின்றன. மாசா, இயல்பா?

---

வளர்தட்டு

மீடியாவிலிருந்து தொடங்குவோம். உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பாட்டிலில் எழுதும் 50 மைக்ரோமோலார் நீங்கள் போட்ட மொத்த அளவு. செல்லைத் தொடுவது, எதிலும் பிடிபடாமல் மிஞ்சும் அயனி மட்டும். வைபிடியில் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் இருக்கின்றன. இரண்டிலும் சிஸ்டீன், ஹிஸ்டிடின் கொண்ட பெப்டைடுகள் உண்டு, ஈஸ்ட் சாற்றில் குளூட்டாதயோனும் உண்டு. அத்தனையும் காட்மியத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்குத் துத்தநாகமும் தாராளமாக இருக்கும். காட்மியம் செல்லுக்குள் நுழையும் வழிகளில் முக்கியமான ஒன்று துத்தநாகம் நுழையும் இசட்ஆர்டி1 வாயில், அங்கே இரண்டுக்கும் போட்டி. ஈஸ்ட் சாறு ஓர் உயிர்ப்பொருள், லாட்டுக்கு லாட் மாறும். ஒரு பேட்சில் வித்தியாசம் தெரிந்து அடுத்ததில் மறைவதற்கு இது ஒன்றே போதும்.

எஸ்சி மீடியாவில் பிடித்துக்கொள்ளும் பொருட்கள் மிகக் குறைவு. எஸ்சியின் அடிப்படைக் கலவையான வைஎன்பியில் துத்தநாக சல்ஃபேட் லிட்டருக்கு 400 மைக்ரோகிராம்தான், அதாவது 1.4 மைக்ரோமோலார் அளவு. அதனால் அதே 50 அங்கே பல மடங்கு கடுமையாகிவிடும். இரண்டு மீடியாவின் எண்களை ஒரே படத்தில் அருகருகே வைக்கவே கூடாது.

அடுத்து, உப்பை ஆட்டோகிளேவுக்கு முன் சேர்ப்பதை நிறுத்துங்கள். சர்க்கரை, பெப்டைடு, பாஸ்பேட் எல்லாவற்றோடும் 121 டிகிரியில் வேகவைத்தால் எவ்வளவு பிணைந்தது, எவ்வளவு படிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டாக்கைத் தனியாக நீரில் கரைத்து 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி வையுங்கள். அகார் 50-55 டிகிரிக்கு ஆறிய பிறகு சேர்த்து, குமிழி வராமல் சுழற்றிக் கலந்து ஊற்றுங்கள்.

ஸ்டாக்கின் எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். நீரற்ற காட்மியம் குளோரைடின் மூலக்கூறு எடை 183.3, கடையில் பரவலாகக் கிடைக்கும் இரண்டரை நீர்மூலக்கூறு கொண்ட வடிவம் 228.4. பின்னதை வைத்துக்கொண்டு முன்னதன் எடைக்குக் கணக்குப் போட்டால், 100 என்று லேபிள் ஒட்டிய ஸ்டாக் உண்மையில் 80தான். 10 மில்லிலிட்டருக்கு நீரேற்ற வடிவம் 0.228 கிராம். நீரற்றது ஈரத்தை இழுக்கும் என்பதால், திறந்து பழகிய டப்பாவை நம்ப வேண்டாம்.

ஒரே செறிவில் ஸ்பாட் வைப்பது இந்த வகைச் சோதனைக்குப் போதாது. காட்மியத்தின் வளைவு செங்குத்தானது. 40-இல் நன்றாக வளர்வது 60-இல் காணாமல் போகலாம். வித்தியாசம் தெரியும் சன்னல் குறுகியது, பேட்ச் மாறினால் அதுவும் நகரும். எனவே 10 மில்லிமோலார் இடைநிலை ஸ்டாக் ஒன்று செய்துகொள்ளுங்கள். 50 மில்லிலிட்டர் உருகிய மீடியாவுக்கு அதில் 50 மைக்ரோலிட்டர் போட்டால் 10 மைக்ரோமோலார். 25 மில்லிலிட்டர் வீதம் இரண்டு பிளேட் வரும். வைபிடியில் 0, 10, 20, 30, 40, 60, 80, 100, 150 என்று ஒரு தொடர். எஸ்சியில் 0, 2, 5, 10, 15, 20, 30, 50. ஒவ்வொரு புதிய மீடியா பேட்சுக்கும் வைல்ட் டைப்பை வைத்து இந்தத் தொடரை ஓட்டி, அது லேசாகத் தடுமாறத் தொடங்கும் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகு மற்ற ஸ்ட்ரெய்ன்களை வையுங்கள்.

பிளேட்டின் கனமும் கணக்கில் வரும். ஒன்றில் 15 மில்லி, இன்னொன்றில் 30 மில்லி என்று ஊற்றினால் ஸ்பாட்டுக்கு அடியில் இருக்கும் மொத்தக் காட்மியம் இரட்டிப்பாகிறது. அடர்ந்த முதல் ஸ்பாட்டில் இருக்கும் செல்கள் சுற்றியுள்ள உலோகத்தை உறிஞ்சி, இறந்தவை இருப்பவற்றைக் காப்பாற்றிவிடும். அதனால் முதல் ஸ்பாட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது ஸ்பாட்டில்தான் உண்மை தெரியும்.

இரவுக் கல்ச்சரை நேராக எடுப்பதும் தவறு. தேங்கிய கட்டத்துக்குப் போன (வளர்ச்சி நின்ற) செல்லில் எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற மரபணு இயக்கிகள் வழியாகப் பொது அழுத்த எதிர்வினை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், சுவரும் தடித்திருக்கும். ஒரு ஸ்ட்ரெய்ன் இரவில் சீக்கிரம் தேங்கி, இன்னொன்று தாமதமாகத் தேங்கியிருந்தால், நீங்கள் அளப்பது மரபணுவின் விளைவே அல்ல. காலையில் ஓடி 0.15-க்கு நீர்த்து, 0.5-0.8 வரும்வரை 3-4 மணி நேரம் வளர்த்து, கிருமிநீக்கிய நீரில் இருமுறை கழுவி, பிறகு ஸ்பாட். கழுவாவிட்டால் பழைய மீடியாவில் இருக்கும் தயோல்கள் (குளூட்டாதயோன்போல உலோகத்தைப் பிடிக்கும் கந்தகப் பொருட்கள்) துளியோடு சேர்ந்து பிளேட்டுக்குப் போகும்.

---

கந்தகன்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஸ்ட்ரெய்னைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிவை4741-இல் மெட்15 மரபணு நீக்கப்பட்டிருக்கிறது. காட்மியத்தை ஆராய்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

காட்மியம் உள்ளே வந்தவுடன் செல் செய்யும் முதல் வேலை அதை இரண்டு குளூட்டாதயோனுக்கு நடுவே பூட்டுவது. அந்தக் கூட்டுப்பொருளை வாக்குவோல் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பை) சவ்வில் இருக்கும் வைசிஎஃப்1 பம்பு ஏடிபி செலவழித்து உள்ளே தள்ளுகிறது. ஆக ஒவ்வொரு காட்மியம் அயனிக்கும் சைட்டோபிளாசத்திலிருந்து இரண்டு குளூட்டாதயோன் போகிறது. குளூட்டாதயோனுக்குச் சிஸ்டீன் வேண்டும், சிஸ்டீனுக்குக் கந்தகம் வேண்டும். காட்மியம் எதிர்வினை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் கந்தகத்தைத் திரட்டும் வேலைதான்.

அந்த வேலையை நடத்துவது மெட்4 என்ற மரபணு இயக்கி. மெத்தியோனைன் போதுமான அளவு இருக்கும்போது மெட்30 அதற்கு யுபிக்விட்டின் என்ற குறிப்புரதத்தை ஒட்டி அடக்கி வைத்திருக்கும். காட்மியம் வந்ததும் மெட்30, அந்த ஒட்டும் வேலையைச் செய்யும் எஸ்சிஎஃப் கூட்டமைப்பிலிருந்து கழன்றுவிடுகிறது. மெட்4 விடுபட்டு, சல்ஃபேட்டை உள்வாங்கிச் சல்ஃபைடாக்கும் மரபணுக்களை எல்லாம் ஏற்றிவிடுகிறது. மீடியாவில் மெத்தியோனைன் இருந்தாலும் இது நடக்கும். மெட்30 கழன்றால் செல் சுழற்சியும் நின்றுவிடும். அதனால் காட்மியத்தில் வளர்ச்சி நிற்பது முழுக்கச் சேதம் அல்ல, பாதி செல்லே போடும் பிரேக்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி புரத மாற்று. சர்க்கரை எரிக்கும் நொதிகள் செல்லில் மலைபோல் குவிந்திருப்பவை; அவற்றின் சிஸ்டீனும் மெத்தியோனைனும் பெரிய கையிருப்பு. காட்மியம் வந்ததும் ஈஸ்ட் பைருவேட் டிகார்பாக்ஸிலேஸ் பிடிசி1-ஐக் குறைத்து, அதே வேலையைக் கந்தகம் குறைவாக வைத்துச் செய்யும் பிடிசி6-ஐ ஏற்றுகிறது. இப்படிச் சேமித்த கந்தகம் குளூட்டாதயோனுக்குப் போகிறது. க்யூபிசிஆரில் காட்மியம் குறியீடு வேண்டுமென்றால் கப்1-ஐ விட்டுவிட்டு பிடிசி6, மெட்14, மெட்16 (சல்ஃபேட் வழி), ஜிஎஸ்ஹெச்1 (குளூட்டாதயோன் உற்பத்தி) பாருங்கள்.

இப்போது மெட்15. சல்ஃபைடை ஹோமோசிஸ்டீன் ஆக்கும் நொதி அதுதான். அது இல்லாத ஸ்ட்ரெய்ன், மீடியாவில் லிட்டருக்கு 5 கிராம் அம்மோனியம் சல்ஃபேட் கிடந்தாலும் அதிலிருந்து சிஸ்டீன் செய்துகொள்ள முடியாது. அதன் குளூட்டாதயோன் முழுவதும் நீங்கள் கொடுக்கும் மெத்தியோனைனிலிருந்து வர வேண்டும். எஸ்சி கலவையில் மெத்தியோனைன் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் 134 மைக்ரோமோலார். 76 மில்லிகிராம் கலவை என்றால் 500-ஐத் தாண்டுகிறது. எந்தக் கலவை என்று கட்டுரையில் எழுதாமல் காட்மியம் எண்ணை மட்டும் எழுதுபவர்கள் பாதித் தகவலை மறைக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மெட்4 விடுபட்டதும் சல்ஃபேட் சல்ஃபைடாகிறது, ஆனால் பயன்படுத்த நொதி இல்லை. சல்ஃபைடு தேங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே கசிகிறது. உலோகத்தைக் கண்டால் உலோக சல்ஃபைடாகப் படிகிறது. உங்கள் பழுப்புக் காலனிக்கு விடை இதுதான்: தாமிர சல்ஃபைடு, மாசு அல்ல. ஈய நைட்ரேட் கலந்த பிளேட்டில் மெட்15 இல்லாத காலனிகள் கரும்பழுப்பாவதை வைத்தே அந்த மரபணுவைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறை உண்டு. மெட்15 இல்லாத ஸ்ட்ரெய்ன்கள் மெத்தில் பாதரசத்தைக் கூடுதலாகத் தாங்குவதற்கும் இந்தச் சல்ஃபைடுதான் காரணம். ஆக உங்கள் ஸ்ட்ரெய்ன் ஒரு பக்கம் கந்தகப் பஞ்சத்தில் இருக்கிறது, இன்னொரு பக்கம் செல்லுக்கு வெளியே உலோகத்தைப் படியவைக்கிறது. இரண்டும் சேர்ந்த விளைவைத்தான் ஸ்பாட்டில் பார்க்கிறீர்கள்.

என் யோசனை: பிவை4742 பின்னணிக்கு மாறுங்கள். அதில் மெட்15 முழுசாக இருக்கிறது, லைஸ்2தான் இல்லை. ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய ஸ்ட்ரெய்ன்களின் தொகுப்பு அந்தப் பின்னணியிலும் கிடைக்கும். மாற முடியாதென்றால் மெட்15 தாங்கிய பிஆர்எஸ்411 பிளாஸ்மிடைப் போட்டு, வெறும் மெத்தியோனைனில்லா மீடியாவில் வளர்க்கலாம். எல்லா ஸ்ட்ரெய்னிலும் அதே பிளாஸ்மிடு இருக்க வேண்டும்.

---

சிற்றணு

மிக்க நன்றி. பவுடர் டப்பாவைப் பார்த்தேன், நீரேற்ற வடிவம்தான். ஸ்டாக் நீரற்ற கணக்கில் இருக்கிறது. மாற்றிவிடுகிறேன். பிவை4742-உம் கேட்டிருக்கிறேன். குளூட்டாதயோன் கேள்வி, கப்1 கேள்வி இரண்டும் மிச்சம். இன்னொன்று: யாப்1 நீக்கியது எப்போதும் வைசிஎஃப்1 நீக்கியதைப் போலவே நடந்துகொள்கிறதே, யாப்1 வேலை வைசிஎஃப்1-ஐ ஏற்றுவது மட்டும்தானா?

---

அயனிவாசல்

குளூட்டாதயோன் மீட்பை ஆக்ஸிஜனேற்றச் சான்றாக எழுதாதீர்கள். உலோகம் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை அது. நீங்கள் போட்ட குளூட்டாதயோன் 1000 மைக்ரோமோலார், காட்மியம் 50. பிளேட்டிலேயே காட்மியம் முழுவதும் கட்டுண்டுவிட்டது. செல் உலோகத்தையே பார்க்கவில்லை. என்-அசிட்டைல் சிஸ்டீனும் டிதயோதிரைட்டாலும் அப்படித்தான். சோதிக்க வேண்டுமென்றால் செல்லைக் குளூட்டாதயோனில் ஒரு மணி நேரம் வைத்து, மூன்று முறை கழுவிவிட்டு, பிறகு குளூட்டாதயோன் இல்லாத காட்மியம் பிளேட்டில் வையுங்கள். அப்போதும் மீண்டால் பேசலாம். அதுவும் உள்ளே கட்டியதாலா, ஆக்ஸிஜனேற்றத்தைத் தணித்ததாலா என்று தனியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். கந்தகமில்லாத ஆன்டிஆக்ஸிடன்ட் எதுவும் மீட்காமல், தயோல்கள் மட்டும் மீட்டால், ஆக்ஸிஜனேற்றக் கதை பலவீனமானது.

காட்மியம் தாமிரம்போல எலக்ட்ரான் ஏற்று விடுவதில்லை. அதன் இணைதிறன் இரண்டோடு நிற்கிறது. ஆக்ஸிஜன் ராடிக்கல்கள் வந்தால் அது மறைமுகமாகத்தான்: குளூட்டாதயோன் தீர்ந்துபோவதால், தயோரெடாக்ஸின் போன்றவற்றின் சிஸ்டீன்கள் அடைபடுவதால், துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் காட்மியம் உட்கார்வதால். புதிதாய்ப் பிறக்கும் புரதங்கள் மடிப்புத் தவறுவதும், டிஎன்ஏ பொருத்தப்பிழை சரிசெய்யும் புரதங்கள் தடைபடுவதும் சேர்ந்தே நடக்கும். ஆக்ஸிஜனேற்றத்தில் ஒளிரும் டிசிஎஃப் சாயத்தை வைத்து அளக்க நினைத்தால், தாமிரமும் இரும்பும் அந்தச் சாயத்தைச் செல் இல்லாமலேயே ஒளிரச் செய்யக்கூடியவை என்பதை மறக்காதீர்கள். மீடியா, சாயம், உலோகம் மட்டும் இருக்கும் கிணறு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கப்1: அதை ஏற்றுவது ஏஸ்1 என்ற மரபணு இயக்கி. ஏஸ்1 ஒற்றை இணைதிறன் தாமிரத்தைக் கொத்தாகப் பிடித்தால்தான் டிஎன்ஏவில் உட்காரும் வடிவம் பெறும். வெள்ளியும் அந்த இடத்தில் பொருந்தும், காட்மியம் பொருந்தாது. அதனால் உங்கள் முடிவு சரியான முடிவு. வெப்ப அழுத்த இயக்கியான ஹெச்எஸ்எஃப்1 வழியாகச் சற்றே ஏறக்கூடும், அது பொதுவான புரதச் சேதத்தின் எதிரொலி. ஆனால் கப்1 புரதத்துக்குக் காட்மியத்தைப் பிடிக்கத் தெரியும். வேறு வழியில் அதை மிகுதியாகச் செய்யவைத்தால் காட்மியம் தாங்கும் திறன் கூடும். பிடிக்கத் தெரிவது வேறு, அழைப்பு கேட்பது வேறு. தாமிரம் கொடுத்து நேர்க்கட்டுப்பாடு வைப்பதானால் 100 மைக்ரோமோலார், 15 முதல் 30 நிமிடம் போதும். ஏற்றம் சீக்கிரம் வந்து சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ஆர்என்ஏவில் ஏமாற்றம்தான்.

ஒப்பீட்டு மரபணுவாக ஆக்ட்1 வைத்திருந்தால் மாற்றிப் பாருங்கள். வளர்ச்சி நின்ற செல்லில் அது அசையும். டிஏஎஃப்10, ஏஎல்ஜி9 இரண்டும் சேர்த்து வைத்தால் நிம்மதி.

யாப்1 பற்றி: அது வைசிஎஃப்1-ஐ மட்டும் அல்ல, குளூட்டாதயோன் செய்யும் முதல் நொதியான ஜிஎஸ்ஹெச்1-ஐயும், தயோரெடாக்ஸின் அமைப்பின் டிஆர்எக்ஸ்2, டிஆர்ஆர்1 ஆகியவற்றையும் ஏற்றுகிறது. சாதாரண நிலையில் கரு உள்ளே போகும் யாப்1-ஐ சிஆர்எம்1 என்ற ஏற்றுமதிப் புரதம் உடனே வெளியே இழுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு வந்தால் அதை உணரும் ஜிபிஎக்ஸ்3 வழியாக யாப்1-க்குள் டைசல்ஃபைடு பாலம் விழுந்து, வெளியேறும் குறி மறைகிறது. காட்மியம் வரும்போது அந்தப் பாலம் தேவையில்லை. வால்பகுதிச் சிஸ்டீன்களைக் காட்மியமே நேராகப் பிடிக்கிறது. ஆகவே பெராக்ஸைடுக்குச் செவிடான ஒரு யாப்1 விகாரம் காட்மியத்துக்குச் செவிசாய்க்கலாம். டபிள்யூ303 என்ற இன்னோர் ஆய்வக ஸ்ட்ரெய்ன் பின்னணியில், பெராக்ஸைடு செய்தியை யாப்1-க்குக் கடத்த உதவும் ஒய்பிபி1 குறை இருப்பதால் பெராக்ஸைடு வழி மங்கலாக இருக்கும். அந்தப் பின்னணியில் வந்த யாப்1 கட்டுரைகளை உங்கள் முடிவோடு ஒப்பிடும்போது கவனம்.

இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி: அதே மூன்று ஸ்ட்ரெய்னை ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிளேட்டிலும் வையுங்கள். யாப்1 நீக்கியது அங்கேயும் விழும். வைசிஎஃப்1 நீக்கியது பெரும்பாலும் நிற்கும். பெராக்ஸைடு பிளேட்டை ஊற்றிய அன்றே பயன்படுத்துங்கள், அடுத்த நாளுக்கு அது தண்ணீர்.

---

வளர்தட்டு

@கந்தகன் சொன்ன பிவை4742 யோசனையை ஏற்கிறேன். ஆனால் எஸ்சிக்கு முழுக்க மாறிவிடுவதில் ஓர் எச்சரிக்கை. திரவ எஸ்சியில் வளரும் ஈஸ்ட் பிஹெச்சை வெகுவாக இறக்கிவிடும். பிஹெச் இறங்க இறங்க, உலோகம் செல் சுவரில் ஒட்டுவதும் உள்ளே போவதும் மாறும். நன்றாக வளரும் வைல்ட் டைப் தன் கிணற்றின் வேதியியலையே மாற்றிவிடும், வளராத நீக்க ஸ்ட்ரெய்ன் மாற்றாது. 50 மில்லிமோலார் எம்இஎஸ் பஃபர், பிஹெச் 6.0 போட்டால் இது அடங்கும். பாஸ்பேட், சிட்ரேட், டிரிஸ் மூன்றும் வேண்டாம். முதலாவது படியவைக்கும், இரண்டாவது கட்டும், மூன்றாவது தாமிரத்தைப் பிடிக்கும்.

பிளேட் ரீடரில் வளர்ச்சி வளைவு எடுக்கப் போகிறீர்கள் என்றால் தொடக்க ஓடியைப் பூட்டி வையுங்கள், 0.05 நல்ல எண். செல் கூடினால் ஒரு செல்லுக்குக் கிடைக்கும் உலோகம் குறையும்; 0.05-இல் கொல்லும் அளவு 0.5-இல் சும்மா தாமதப்படுத்தும். காட்மியம் பெரும்பாலும் தொடக்கத் தாமதத்தைத்தான் நீட்டுகிறது. 24 மணி நேரத்தில் ஒரே ஓர் அளவு எடுத்தால், தாமதமாக எழுந்த ஸ்ட்ரெய்னும் எழாத ஸ்ட்ரெய்னும் ஒன்றாகத் தெரியும். 15-30 நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டிக்கொண்டே, 48 மணி நேரம் எடுங்கள். ஓரக் கிணறுகளில் வெறும் நீர். அங்கே ஆவியாகி உலோகச் செறிவு ஏறும்.

வளரவில்லை என்பதும் செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. எந்தப் பக்கம் என்று அறிய, காட்மியத்தில் இருந்த செல்லைக் குளிர்ந்த 10 மில்லிமோலார் ஈடிடிஏவில் (உலோகத்தைக் கட்டும் பொருள்) இருமுறை, பிறகு நீரில் கழுவி, உலோகமில்லா வைபிடியில் காலனி எண்ணுங்கள். உள்ளே போன காட்மியத்தை ஐசிபி-எம்எஸ்ஸில் (உலோக அளவைக் காணும் கருவி) அளப்பதாக இருந்தாலும் இதே கழுவல் அவசியம், இல்லையென்றால் சுவரில் ஒட்டியிருப்பதைத்தான் அளப்பீர்கள். கழுவிய ஈடிடிஏ பாத்திரத்தில் மிஞ்சினால் அடுத்த சோதனையில் உலோகம் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

---

கந்தகன்

பஃபர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஸ்ட்ரெய்ன் பற்றி இன்னொன்று விட்டுப்போனது. மற்ற ஆய்வகங்களின் காட்மியம் எண்கள் உங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் பிசிஏ1-ஐ நினைவில் வையுங்கள். இயற்கையில் கிடைக்கும் பல ஈஸ்ட்களில் அது காட்மியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்பு. சாதாரண நேரத்தில் செய்தவுடன் அழிக்கப்படும், காட்மியம் வந்தால் அழிவு நின்று சவ்வுக்குப் போய்ச் சேரும். எஸ்288சி என்ற மூல ஸ்ட்ரெய்ன் வழிவந்த ஆய்வக ஸ்ட்ரெய்ன்களில் 970-ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாக மாறியிருப்பதால் அந்தப் பம்பு வேலை செய்யாது. பிவை வரிசை முழுவதும் அந்தக் குறையோடுதான். இந்த ஸ்ட்ரெய்ன்களில் வைசிஎஃப்1 இவ்வளவு பெரிய ஆளாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒயின் ஈஸ்ட் அல்லது காட்டு ஈஸ்ட்டில் அதே மரபணுவை நீக்கினால் விளைவு சிறியதாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிளவு ஈஸ்ட் கட்டுரைகளிலிருந்தும் நேராகக் கொண்டுவர வேண்டாம். சைசோசாக்கரோமைசிஸ் பாம்பே குளூட்டாதயோனைக் கோத்து ஃபைட்டோகெலாட்டின் என்ற உலோகம் பிடிக்கும் பெப்டைடு செய்யும், அதற்கான சின்தேஸ் மரபணு அதில் இருக்கிறது, செரிவிசியேவில் இல்லை.

---

அயனிவாசல்

வேறு உலோகங்களுக்கும் போவீர்கள் என்று நினைத்து இதைச் சேர்க்கிறேன். ஒவ்வோர் உலோகத்துக்கும் நுழைவாயிலும் வெளியேறும் வழியும் வேறு. காட்மியத்துக்கு எழுதிய திட்டத்தில் உப்பின் பெயரை மட்டும் மாற்றினால் நடக்காது.

ஆர்சனைட், கிளிசரால் போகும் எஃப்பிஎஸ்1 கால்வாய் வழியாகவும் சர்க்கரை வாயில்கள் வழியாகவும் நுழைகிறது. ஹாக்1 என்ற அழுத்தச் சமிக்ஞை நொதி அந்தக் கால்வாயைச் சாத்த உதவுகிறது. உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது ஏசிஆர்3, வாக்குவோலுக்கு அனுப்புவது வைசிஎஃப்1. ஆர்சனேட் பாஸ்பேட் வாயில் வழியாக வரும். வைஎன்பியில் பாஸ்பேட் 7 மில்லிமோலாருக்கு மேல் இருப்பதால் அது எளிதில் தோற்றுவிடும். ஆர்சனேட் வேலை செய்யவில்லை என்று சொல்லுமுன் பாஸ்பேட்டைக் குறைத்துப் பாருங்கள். ஆர்சனைட் தொடர் வைல்ட் டைப்புக்கு 0.5 முதல் 3 மில்லிமோலார், ஏசிஆர்3 நீக்கியதற்கு 0.05 முதல் 0.5.

துத்தநாகத்தை வாக்குவோலில் ஏற்றும் இசட்ஆர்சி1, புரோட்டானை மாற்றிக்கொண்டு ஓடுவது. வாக்குவோல் அமிலத்தன்மை கெட்டால் அதுவும் கெடும். வைசிஎஃப்1 நேராக ஏடிபியில் ஓடுவது. எனவே விஎம்ஏ (வாக்குவோலை அமிலமாக வைத்திருக்கும் பம்பு) மரபணு நீக்கியவற்றில் துத்தநாகம் தாங்காததற்கும் காட்மியம் தாங்காததற்கும் ஒரே விளக்கம் எழுத வேண்டாம்.

தாமிரத்தில் வேறொரு பொறி. கப்1 எட்டாம் குரோமோசோமில் வரிசையாகப் பல நகல்களாக இருக்கிறது. தாமிர பிளேட்டில் வைத்து வளர்த்தால் நகல் எண்ணிக்கை கூடிய செல்கள் தேர்வாகும். ஸ்பாட்டுக்குள் தனித்தனியாகத் துருத்தி நிற்கும் பெரிய காலனிகள் தெரிந்தால் அவைதான் பெரும்பாலும். தாமிரம் பட்ட கல்ச்சரிலிருந்து ஒருபோதும் கிளிசரால் ஸ்டாக் போடாதீர்கள்.

ஈயமும் வெள்ளியும் மீடியாவிலேயே படிந்துவிடும். ஈயத்தைப் பாஸ்பேட்டும் சல்ஃபேட்டும் பிடிக்கும், வெள்ளியைக் குளோரைடு. பிளேட் மங்கலாக இருந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

---

வளர்தட்டு

கழிவு பற்றி ஒரு வரி, யாரும் கேட்காவிட்டாலும். காட்மியமும் ஆர்சனிக்கும் புற்றுநோய் உண்டாக்குபவை. பவுடரை எடைபோடுவது ஃபியூம் ஹூடில், கையுறையோடு. பிளேட், டிப், கழுவிய நீர் எல்லாம் உலோகக் கழிவு டப்பாவுக்கு. சிங்க்குக்கும் வேண்டாம், மற்ற பிளேட்டுகளோடு ஆட்டோகிளேவுக்கும் வேண்டாம். அங்கே உருகி வழியும் அகார் அடுத்தவர் பாத்திரத்தில் போய் உட்காரும்.

@சிற்றணு, அடுத்த ஓட்டத்துக்கு வைல்ட் டைப், வைசிஎஃப்1, யாப்1 மூன்றோடு ஜிஎஸ்ஹெச்1 நீக்கியதையும் சேர்க்கலாம். அது வெளியிலிருந்து குளூட்டாதயோன் கிடைக்காமல் தொடர்ந்து வளராது என்பதால், முன்கல்ச்சரில் 1 மைக்ரோமோலார் அளவு குளூட்டாதயோன் கொடுத்து, கழுவி, பிறகு ஸ்பாட் வையுங்கள். காட்மியம் இல்லாத பிளேட்டிலும் அது சிறிதாகத்தான் வளரும். ஒப்பிட வேண்டியது காட்மியம் இல்லாத பிளேட்டில் அதன் வளர்ச்சியோடு, வைல்ட் டைப்போடு அல்ல.